யார் அந்த ‘நான்’? சமூகக் கதைகளைக் கதையாக வாசித்தல்

“சாப்பிட்டியா?” என்ற கேள்விக்கு என் அக்கா பையன் பல வருடங்களாக உண்மையான பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தான். “ரெண்டு இட்லி, பாதி தோசை, சட்னி வேணாம்னுட்டேன்.” கேட்டவர் அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போயிருப்பார். இவன் வாசலிலேயே நின்று மீதியைச் சொல்லி முடிப்பான். பதிலுக்கு “நீங்க சாப்பிட்டீங்களா?” என்று கேட்க வேண்டும் என்பது அவனுக்குத் தோன்றியதே இல்லை. வந்தவர் சாப்பிட்டாரா இல்லையா என்பதில் அவனுக்கு அக்கறையில்லை. எனக்கும் இல்லைதான். ஆனால் நான் கேட்பேன்.

அவனுக்கு இப்போது பதிமூன்று வயது. ஆட்டிசம் என்பது நாலு வயதிலேயே தெரிந்துவிட்டது. சனிக்கிழமைகளில் ஒரு மாடி வீட்டில் நடக்கும் குழுவுக்குப் போகிறான். ஆறு பிள்ளைகள், இரண்டு பயிற்சியாளர்கள், ஒன்றரை மணி நேரம். வணக்கம் சொல்வது, விளையாட்டில் தோற்றால் என்ன செய்வது, கடையில் மிச்சக்காசு வாங்குவது, பேச்சை எப்படி ஆரம்பிப்பது, எப்படி முடிப்பது. போன வருடம் ஒருநாள் அக்கா வாட்ஸப்பில் ஒன்பது பக்கங்களை அனுப்பி, கூடவே ஒரு குரல் செய்தியும் போட்டிருந்தாள். “நீதான் கதையெல்லாம் எழுதறியே, இதைத் தமிழ்ல போட்டுக் குடுடீ. எல்லாம் இங்கிலீஷ்லயே இருக்கு, பாதிப் பசங்களுக்குப் புரியல.”

பக்கத்துக்கு ஒரு கதை, ஒன்பது கதைகள். ஒரு சாயங்கால வேலை என்று நினைத்தேன். மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதத்தில் ஓரத்தில் எழுதிவைத்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை. எனக்கு மருத்துவம் தெரியாது, சிறப்புக் கல்வியும் தெரியாது. ஆனால் இவற்றுக்குப் பெயரே ‘சமூகக் கதைகள்’. கதை என்று பெயர் வைத்துவிட்டால் அதைக் கதையாக வாசிக்க எனக்கும் உரிமை உண்டு.

இந்த வடிவத்தை உருவாக்கியவர் கரோல் கிரே. அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்துப் பள்ளிகளில் வேலை பார்த்த ஆசிரியர். 1991இல் தொடங்கியது. இன்று உலகம் முழுக்க ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கான குழுக்களில் இது இல்லாத இடம் குறைவு. பெரும்பாலானவர்கள் நினைப்பதுபோல இது ‘நல்ல பழக்கம் சொல்லும் குட்டிக் கதை’ கிடையாது. கிரே வகுத்த இலக்கணம் கறாரானது. வாக்கியங்களை வகை பிரிக்கிறார். நடப்பதை விவரிக்கும் வாக்கியம், மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று சொல்லும் வாக்கியம், இப்படிச் செய்யலாம் என்று வழிகாட்டும் வாக்கியம். வழிகாட்டும் வாக்கியம் ஒன்று என்றால் விவரிப்பவை குறைந்தது இரண்டாவது இருக்க வேண்டும். முன்னிலையில் ‘நீ’ என்று எழுதக்கூடாது. ‘வேண்டும்’, ‘கூடாது’ கூடவே கூடாது. ‘எப்போதும்’ என்று எழுதும் இடத்தில் ‘பெரும்பாலும்’, ‘சில நேரம்’ என்று எழுத வேண்டும், ஏனென்றால் சொன்னது ஒருநாள் நடக்காமல் போனால் அந்தப் பிள்ளைக்கு அது பொய். எழுதும் கதைகளில் பாதியாவது, பிள்ளை ஏற்கெனவே நன்றாகச் செய்யும் ஒன்றைப் பாராட்டுவதாக இருக்க வேண்டும்.

ஆத்திசூடியில் தொடங்கி வகுப்பறைச் சுவர் வரைக்கும் ஏவல் வினையிலேயே வளர்ந்த எனக்கு இதைப் படித்ததும் ஒரு ஆச்சரியம். நம்முடைய நீதி இலக்கியத்தில் நிறைய இடங்களில் முன்னிலைதான். ஒருவர் நின்றுகொண்டு சொல்கிறார், இன்னொருவர் உட்கார்ந்து கேட்கிறார். கிரே அந்த நிற்கும் ஆளை அப்புறப்படுத்தப் பார்க்கிறார். அந்த இலக்கணப்படி நான் எழுதிப் பார்த்த ஒன்று:

“மதியம் பள்ளியில் மணி அடிக்கும். மணிச் சத்தம் பெரிதாக இருக்கும். மைதானத்தின் கோடியில் இருப்பவர்களுக்கும் கேட்க வேண்டும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். சிலருக்கு அந்தச் சத்தம் பிடிப்பதில்லை. மணி அடிக்கும்போது நான் காதைப் பொத்திக்கொள்ளலாம்.”

நல்ல உரைநடை என்றுதான் சொல்வேன், நானே எழுதியது என்பதால் சொல்லவில்லை. உலகம் ஏன் இவ்வளவு சத்தமாக இருக்கிறது என்று ஒரு குழந்தைக்கு யாராவது காரணம் சொல்லியிருக்கிறோமா? “அடம் பிடிக்காதே” என்பதோடு நம் விளக்கம் முடிந்துவிடும்.

சிக்கல், அக்கா அனுப்பிய ஒன்பதும் இப்படி இல்லை என்பதுதான். கிரேயின் பெயரைச் சொல்லிக்கொண்டு, கிரேயின் இலக்கணத்தை மறந்தவை. ஏழு வாக்கியத்தில் ஐந்து, ‘நான் முயற்சி செய்வேன்’ என்று முடிந்தன. நான் கண்ணைப் பார்த்துப் பேச முயற்சி செய்வேன். நான் கையை ஆட்டாமல் உட்கார முயற்சி செய்வேன். நான் என் முறை வரும்வரை காத்திருக்க முயற்சி செய்வேன். கடைசி வரி ஒவ்வொன்றிலும் ‘அம்மா சந்தோஷப்படுவார்’. இரண்டாம் வாரம் நான் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டு ஒரு கேள்வியை எழுதிவைத்தேன்: யார் இந்த ‘நான்’?

புனைகதையில் தன்மை ஒருமை என்பது கடன் வாங்கிய சட்டை. மார்க் ஹாடன் 2003இல் எழுதிய, இரவில் செத்துக்கிடக்கும் நாயில் தொடங்கும் நாவலில் கிறிஸ்டோஃபர் என்ற பையன் ‘நான்’ என்று பேசுகிறான். எழுதியவர் அவன் இல்லை என்பது வாசகருக்குத் தெரியும், அந்த ஒப்பந்தத்தில்தான் நாவல் நடக்கிறது. தான் அந்தத் துறையின் நிபுணர் இல்லை என்று ஹாடனே சொல்லிவிட்டார். பிடித்தால் படிக்கலாம், பிடிக்காவிட்டால் திட்டலாம், நிறைய பேர் திட்டியும் இருக்கிறார்கள். ஆனால் சமூகக் கதையில் அந்த ஒப்பந்தம் இல்லை. ஒரு பெரியவர் எழுதுகிறார், குழந்தையை வாசிக்கச் சொல்கிறார், வாசித்த மாத்திரத்தில் அது குழந்தையின் உறுதிமொழி ஆகிவிடுகிறது. கையெழுத்து போட்டது யார் என்றே தெரியாத பத்திரம்.

1943இல் லியோ கானர், ஆட்டிசம் என்று இன்று நாம் சொல்வதை முதன்முதலாக விரிவாக எழுதிய கட்டுரையில், தான் பார்த்த பிள்ளைகள் பிரதிப்பெயர்களை மாற்றிப் பேசுவதைக் குறித்திருக்கிறார். தன்னை ‘நீ’ என்று சொல்வது. எங்கள் வீட்டிலும் அது நடந்தது. நாலைந்து வயதில் தண்ணீர் வேண்டுமென்றால் அவன் “உனக்குத் தண்ணி வேணுமா?” என்பான். நாங்கள் அவனிடம் அப்படித்தானே கேட்டோம், கேட்டதும் தண்ணீர் வந்ததே, அதனால் தண்ணீர் வரவழைக்கும் வாக்கியம் அதுதான் என்று பிடித்துக்கொண்டான். அக்கா ஒரு வருடம் போராடி அதை ‘எனக்கு’ என்று மாற்றினாள். இப்போது பாருங்கள், ‘நீ கண்ணைப் பார்த்துப் பேசு’ என்று சொல்ல நினைக்கும் பெரியவர், ‘நான் கண்ணைப் பார்த்துப் பேச முயற்சி செய்வேன்’ என்று எழுதி நீட்டுகிறார். அவன் ‘நான்’ என்பதற்கு ‘நீ’ என்றான், அதற்குப் பெயர் அறிகுறி. இவர்கள் ‘நீ’ என்பதற்கு ‘நான்’ என்கிறார்கள், அதற்குப் பெயர் பயிற்சி.

இதை அக்காவிடம் சொன்னபோது, “உனக்கென்ன, நீ கட்டுரை எழுதுவ. நாளைக்கு அவன் தனியா பஸ்ஸுல போகணும்” என்றாள். அந்தப் பதில் இந்தக் கட்டுரை முழுக்க என் பின்னாலேயே நிற்கிறது.

அடுத்த தலைவலி தமிழ். இங்கிலீஷில் இந்தக் கதைகளுக்கு ஒரே மொழிதான், எழுதுவதையே கிட்டத்தட்ட பேசவும் செய்யலாம். தமிழில் எழுதினால் ஒன்று, பேசினால் ஒன்று. அவன் முதலில் முழு வாக்கியமாகப் பேசியதே கார்ட்டூன் டப்பிங் தமிழில். “நண்பர்களே, நாம் புறப்படலாமா?” என்று ஆறு வயதில் தெருப் பசங்களிடம் கேட்டிருக்கிறான். அவர்கள் சிரித்த சிரிப்பு அக்காவுக்கு இன்னும் காதில் இருக்கிறது. இந்த மாதிரிப் பிள்ளைகள் ஏட்டுத் தமிழ் பேசுவதைப் பல பெற்றோர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். திரையிலிருந்து மொழியை எடுத்தால் திரையின் மொழிதானே வரும். ஆக, ‘நான் உங்களுடன் விளையாடலாமா?’ என்று நான் எழுதிக் கொடுத்தால் அவன் அதை அப்படியே போய்ச் சொல்வான், மறுபடி சிரிப்பார்கள். சரி, பேச்சுத் தமிழில் எழுதலாம். யாருடைய பேச்சுத் தமிழ்? அந்த ஆறு பேரில் ஒருத்திக்கு வீட்டில் திருநெல்வேலித் தமிழ், இன்னொருவனுக்கு வியாசர்பாடித் தமிழ். “நானும் வரட்டா?” “என்னையும் சேத்துக்கோங்களேன்.” “டேய், நானும் ஆட்டத்துக்கு.” மூன்றும் மூன்று வேறு பையன்கள். மூன்றாவதை யாரும் கேள்வியாகக்கூட எடுத்துக்கொள்ள மாட்டார்கள், பந்தைப் போட்டுவிடுவார்கள். கடைசியில் அந்த இடத்தைக் கோடாக விட்டு, ‘உங்க வீட்ல எப்படிச் சொல்வீங்களோ அதை இங்க எழுதுங்க’ என்று போட்டேன். ஒன்பது பக்கத்தில் நான் பெருமைப்படும் ஒரே வரி அதுதான்.

கண்ணைப் பார்ப்பது இன்னொன்று. நாலாவது கதை முழுக்க அதுதான். தாத்தா திட்டும்போது கண்ணைப் பார்த்தால் ‘முறைக்கிறான்’, பார்க்காவிட்டால் ‘கவனிக்கலை’. எந்தப் பெரியவரை, எவ்வளவு நேரம், எந்த மனநிலையில் பார்க்கலாம் என்பதற்கு எங்கள் வீட்டிலேயே தெளிவான சட்டம் கிடையாது. நாலாவது கதையை நான் மொழிபெயர்க்கவில்லை.

இந்தக் குழுக்களின் பின்னால் இருக்கும் இன்னொரு பெரிய பிரதி, கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கான ‘பியர்ஸ்’ கையேடு. லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் எலிசபெத் லாகஸனும் ஃப்ரெட் ஃப்ராங்கெலும் உருவாக்கி 2010இல் புத்தகமாக வந்தது. பதினாலு வாரம், வாரம் ஒன்றரை மணி நேரம். பிள்ளைகள் ஒரு அறையில், பெற்றோர் இன்னொரு அறையில். வீட்டுப்பாடம் உண்டு. ஒரு நண்பனுக்குப் போன் செய்வது, ஒருவனை வீட்டுக்கு அழைப்பது எல்லாம் வீட்டுப்பாடம்.

இதே பல்கலைக்கழகத்தில்தான் 1960களில் ஈவார் லோவாஸ், பிள்ளைகளைச் சாப்பாட்டாலும் தண்டனையாலும் ‘சரி செய்ய’ முயன்றார், அறை விடுவது உட்பட. 1965இல் லைஃப் பத்திரிகை அதைப் படங்களோடு வெளியிட்டது. அந்த வரலாறு தெரிந்து பியர்ஸைக் கையில் எடுத்தால் குறை கண்டுபிடிக்கும் மனநிலையில்தான் எடுப்போம், நானும் அப்படித்தான் எடுத்தேன். ஆனால் ஒரு விஷயத்தில் அது என்னைத் தோற்கடித்தது. பெரியவர்கள் சொல்லும் அறிவுரைக்கும், பள்ளியில் பிழைத்துக்கொள்ளும் பிள்ளைகள் உண்மையில் செய்வதற்கும் உள்ள தூரத்தை அது ஒத்துக்கொள்கிறது. கேலி செய்தால் என்ன செய்வது? ‘கண்டுக்காதே’, ‘மிஸ்கிட்ட சொல்லு’ என்பது நம் எல்லோரின் பதில். எந்தப் பள்ளியிலாவது அது வேலை செய்திருக்கிறதா? பியர்ஸ் சொல்வது, பெரிதாகப் பாதிக்காததுபோல அலட்சியமாக ஒரு சின்னப் பதிலைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடு என்பது. இது ஒழுக்க நூல் அல்ல, களப்பணிக் குறிப்பு. இப்படி வாசித்தால் பியர்ஸ் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி என்ற பழங்குடியைப் பற்றிய நல்லதொரு இனவரைவியல் நூல்.

அந்தப் பழங்குடியின் சடங்கை எடுத்துவந்து சென்னையில் நடத்தினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தேன். சனிக்கிழமைக் குழுவில் அலட்சியப் பதிலுக்குத் தமிழில் என்ன என்று கேட்டார்கள், நான்தான் ‘அதுக்கு இப்ப என்ன?’ என்று எழுதிக் கொடுத்தேன். நடித்துப் பழகினார்கள். அவன் நன்றாகச் செய்தான், தோளைக் குலுக்குவதுகூட வந்துவிட்டது. அடுத்த வாரம் பள்ளியில் கணக்கு சார், “நோட்டை வீட்லயே வச்சுட்டு வந்துட்டியா, தலையை வச்சுட்டு வரலையே” என்றிருக்கிறார். வகுப்பு சிரித்தது. அவன் கணக்குப்படி அது கேலி. “அதுக்கு இப்ப என்ன?” என்று சொல்லி, தோளைக் குலுக்கி, திரும்பி நடந்துவிட்டான். சொல்லிக்கொடுத்த மூன்று படியும் பிசகவில்லை.

அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். யாரிடம் அதைச் சொல்லக்கூடாது என்று நான் எழுதவில்லை. எழுதத் தோன்றவில்லை, ஏனென்றால் எனக்கு அது ‘தெரியும்’. ‘நீ’க்கும் ‘நீங்க’வுக்கும் நடுவில், ‘என்ன’வுக்கும் ‘என்ன சார்’க்கும் நடுவில் நாம் எத்தனை வேலிகளைத் தாண்டாமல் நடக்கிறோம் என்பது தாண்டியவனைப் பார்க்கும்போதுதான் தெரிகிறது. சார் கேலி செய்யலாம், பையன் கேலிக்குப் பதில் சொல்லக்கூடாது. இதை ‘வேண்டும்’, ‘கூடாது’ இல்லாமல், உண்மையாக, ஒரு பிள்ளைக்குப் புரியும்படி எழுத முயன்றேன். ‘சில பெரியவர்கள் கேலி செய்வார்கள். அவர்களிடம் பதில் சொன்னால் கோபப்படுவார்கள்.’ அதற்கு அடுத்து ‘ஏனென்றால்’ என்று எழுதிவிட்டு அன்றைக்கு மூடிவைத்தேன்.

2012இல் டேமியன் மில்டன் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர், தானும் ஆட்டிசம் உள்ளவர், ‘இரட்டைப் பரிவுச் சிக்கல்’ என்று ஒன்றை முன்வைத்தார். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மற்றவர் மனம் புரியாது என்கிறோம், மற்றவர்களுக்கு ஆட்டிசம் உள்ளவர் மனம் புரிகிறதா? புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது, பழி மட்டும் ஒரு பக்கம். 2020இல் கேத்தரின் க்ராம்ப்டனும் சகாக்களும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள், நம் ‘காதோடு காது’ விளையாட்டு மாதிரி. எட்டெட்டுப் பேர் வரிசை. ஒரு கதையை முதல் ஆள் கேட்டு அடுத்தவருக்குச் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் ஆட்டிசம் உள்ள வரிசையிலும், யாருக்கும் இல்லாத வரிசையிலும் கதை ஏறத்தாழ ஒரே அளவு மிஞ்சியது. இரண்டு தரப்பும் மாறி மாறி உட்கார்ந்த வரிசையில்தான் வேகமாக உதிர்ந்தது.

இதைப் படித்ததும் நினைவுக்கு வந்தது அந்த மாடி வீட்டின் படிக்கட்டு. வகுப்பு முடிந்து பெற்றோர் வரும்வரை பிள்ளைகள் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே ‘பேச்சைத் தொடங்குவது எப்படி’ என்று வியர்த்தவன், படிக்கட்டில் வியாசர்பாடிப் பையனோடு பஸ் நம்பர் பேசிக்கொண்டிருப்பான். 29சி பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் வரை எங்கெங்கே நிற்கும் என்று ஒருவன் சொல்ல, விட்டதை இன்னொருவன் சொல்ல. ஒருவரையொருவர் பார்ப்பதில்லை, இரண்டு பேரும் எதிர்ச்சுவரைப் பார்த்துப் பேசுகிறார்கள். முறை வைத்துப் பேசுகிறார்கள், கேட்கிறார்கள், சிரிக்கிறார்கள். உள்ளே நடக்கும் வகுப்புக்கு அது ஒழுங்காக நடந்ததற்கான அடையாளம் எதுவும் தேவையிருக்கவில்லை, படிக்கட்டில் யாரும் மதிப்பெண் போடுவதில்லை. டேனியல் லெகாஃப் என்ற உளவியலாளர் 2004இல் எழுதிய லெகோ குழுக்களின் தொடக்கமும் இப்படித்தான், அவருடைய காத்திருப்பு அறையில் இரண்டு பையன்கள் தாங்கள் கொண்டுவந்த லெகோவை வைத்துப் பேச ஆரம்பித்ததைப் பார்த்து. அவருக்கு அறையைவிட வாசல் கண்ணில் பட்டது.

இன்னொரு வாசலும் உண்டு. ஜிம் சின்க்ளேர் முதலான ஆட்டிசம் உள்ளவர்கள் 1996 முதல் தங்களுக்காகத் தாங்களே நடத்திய கூடுகைகளில் சட்டையில் வண்ண அட்டை குத்திக்கொள்ளும் வழக்கம் வந்தது. சிவப்பு என்றால் என்னிடம் பேச வராதீர்கள். மஞ்சள் என்றால் தெரிந்தவர்கள் மட்டும். பச்சை என்றால் பேச ஆசைதான், ஆரம்பிக்க வரவில்லை, நீங்கள் ஆரம்பியுங்கள். எங்கள் குடும்பக் கல்யாணங்களில் இதைக் கொடுத்தால் நான்தான் முதல் ஆளாக மஞ்சளை எடுப்பேன்.

அப்படியானால் சனிக்கிழமைக் குழு வேண்டாமா? அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மிச்சக்காசு எண்ணி வாங்க அங்கேதான் கற்றான். வழி தவறினால் யாரிடம் கேட்பது என்பதும் அங்கேதான். அந்தப் படிக்கட்டே அந்தக் குழுவால்தான் கிடைத்தது. ஆனால் சனிக்கிழமை திரும்பி வரும் ஆட்டோவில் அவன் பேசுவதில்லை. வீட்டுக்கு வந்ததும் ஃபேன் ஓடும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் கையை ஆட்டியபடி நடக்கிறான். “அங்க நடிச்சது போதும்” என்றான் ஒருமுறை, கோபமாகக்கூட இல்லை. தன்னை மறைத்துக்கொண்டு வாழ்வது பற்றி ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடம் கேட்டு 2017இல் ஒரு ஆய்வு வந்தது, பலரும் அதில் சொன்னது களைப்பு. அடுத்த வருடம் சாரா கேசிடியின் குழு, அந்த மறைத்தலுக்கும் தற்கொலை எண்ணத்துக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. இதை அக்காவுக்கு அனுப்பவா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். அனுப்பினேன். அவள் பதில் எழுதவில்லை, ஆனால் அடுத்த சனிக்கிழமை அவனைப் படிக்கட்டில் அரை மணி நேரம் கூடுதலாக உட்காரவிட்டாள்.

நடுவில் நானாக ஒரு கதை எழுதினேன், பத்தாவது. பெரியவர்களுக்கு. கிரேயின் இலக்கணம் வழுவாமல்: “நாங்கள் அக்கா வீட்டுக்குப் போகும்போது ‘சாப்பிட்டியா’ என்று கேட்போம். எங்களுக்கு அது வணக்கம் மாதிரி. சிலருக்கு அது கேள்வி. கேள்வி என்று நினைப்பவர்கள் பதில் சொல்வார்கள். பதில் சில நேரம் நீளமாக இருக்கும். நான் நின்று கேட்க முயற்சி செய்வேன்.” குடும்பக் குழுவில் போட்டேன். பெரியப்பா கட்டைவிரல் வைத்தார். அம்மா, “யாருக்கு இது?” என்று கேட்டாள்.

மற்ற எட்டையும் முடித்து, அச்செடுத்து, முதலில் அவனிடமே கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து பென்சில் திருத்தங்களோடு திரும்பி வந்தது. ‘எப்போதும்’ என்று நான் கவனிக்காமல் விட்ட இரண்டு இடங்களில் ‘சில நேரம்’ என்று மாற்றியிருந்தான். ‘அம்மா சந்தோஷப்படுவார்’ என்பதன் பக்கத்தில், ‘தெரியாது’. எல்லாப் பக்கத்திலும் ‘நான்’ அடிக்கப்பட்டிருந்தது.

“ஏன்டா?”

“இது நான் சொல்லல. நீதான எழுதின, சித்தி.”

அடித்த இடத்திலெல்லாம் ‘சித்தி’ என்று எழுதி, வினைமுற்றுகளையும் ஒன்றுவிடாமல் மாற்றியிருந்தான். சித்தி தன் முறை வரும்வரை காத்திருக்க முயற்சி செய்வாள். சித்தி கையை ஆட்டாமல் உட்கார முயற்சி செய்வாள். அதை அப்படியே தட்டச்சு செய்து சனிக்கிழமைக் குழுவுக்கு அனுப்பியிருக்கிறேன். அவர்களிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.